அமீனாவின் கியர்

ஆகஸ்ட் 4, வியாழன்

இரண்டாவது கியர் இன்றும் விழவில்லை. முதல் கியர் கீழே மிதித்தால் விழுந்துவிடுகிறது. மற்றதெல்லாம் விரலை அடியில் கொடுத்து மேலே தூக்கவேண்டும். தூக்கினால் வருவதில்லை. மூன்று நான்கு தடவை நெம்பவேண்டியிருக்கிறது. அதுவரை வண்டி முதல் கியரிலேயே அலறிக்கொண்டு போகிறது. டீக்கடை பெஞ்சைத் தேய்க்கிற வெட்டிப்பயல்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள்.

மெக்கானிக் சூசைராஜ் போன மாதம்தான் சர்வீஸ் செய்தான். கியர் லீவரைக் கழற்றி கிரீஸ் வைத்ததாகச் சொன்னான். வைத்தது கிரீஸா அவன் தலைக்குத் தடவுகிற எண்ணெயா தெரியவில்லை. அவன் கடை போர்டில் 'நம்பிக்கையான சர்வீஸ்' என்று எழுதியிருக்கிறது. எழுதியவனும் அவனைப் போலத்தான், சர்வீஸுக்கு ஒரு புள்ளியை விட்டுவிட்டான்.

ஓடைப்பட்டிக்கு ஒரு பாகப்பிரிவினைக் கேஸ் சம்மன் கொண்டுபோனேன். பிரதிவாதியின் பெண்டாட்டி வாசலிலேயே மறித்துக்கொண்டு, அவர் பம்பாய் போய் ஒரு மாதம் ஆகிறது என்றாள். கட்டிலுக்கு அடியில் பம்பாய்க்காரனுடைய இரண்டு காலும் தெரிந்தன. இந்தக் கோர்ட்டில் அமீனாவாகச் சேர்ந்த நாளிலிருந்து இந்தக் கூத்தைத்தான் பார்க்கிறேன். வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வருவேன். ஒட்டினால் வாங்கிய கணக்குத்தான். ஒளிந்துகொண்டால் கேஸ் போய்விடும் என்று நினைக்கிற ஜனங்களை என்ன செய்வது? பசை தடவி ஒட்டினேன், வந்தேன்.

ஆகஸ்ட் 7, ஞாயிறு

நானே உட்கார்ந்துவிட்டேன். இது என்ன பெரிய வித்தை? சென்டர் ஸ்டாண்டு போட்டு, லீவரைப் பிடித்திருக்கிற போல்ட்டைக் கழற்றி, லீவரை இழுத்து எடுத்தேன். உள்ளே செம்மண்ணும் பழைய கிரீஸும் சேர்ந்து அல்வா மாதிரி இருந்தது. சூசைராஜ் வைத்த புதுக் கிரீஸ் அதற்கு மேலேயே இருக்கிறது. அதாவது, வைத்திருக்கிறான், ஆனால் துடைக்காமல் வைத்திருக்கிறான். முகம் கழுவாமல் பவுடர் போடுகிற ஜாதி.

மண்ணெண்ணெயில் பழைய பல்துலக்கும் பிரஷை முக்கித் தேய்த்தேன். லீவர் மாட்டுகிற தண்டில் பல் பல்லாக இருக்கும். ஒவ்வொரு பல்லாகத் துடைத்து, மூட்டில் புதுக் கிரீஸ் வைத்து, மறுபடி மாட்டினேன். லீவரை ஒரு பல் கீழே இறக்கி மாட்டினேன், பாதத்தை ரொம்ப மேலே தூக்கவேண்டாம் என்று. கையால் தூக்கிப் பார்த்தால் பூ மாதிரி ஏறுகிறது.

கனகவள்ளி காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டு நின்றுகொண்டே இருந்தாள். பெண்டாட்டி பக்கத்தில் நின்றால் ஏதோ கேட்கப்போகிறாள் என்று அர்த்தம். "ஏங்க, கால் கட்டைவிரல்ல என்ன?" என்றாள். குனிந்து பார்த்தேன். நகத்துக்கு மேலே ஒரு சின்ன உரசல். லீவரில் பட்டிருக்கும் என்றேன். வலிக்கவில்லையா என்றாள். வலித்தால் எனக்குத் தெரியாதா என்றேன். உள்ளே போய்விட்டாள்.

சாயங்காலம் அவள் தம்பி தனசேகர் வந்தான். ரெடிமேட் கடை வைத்திருக்கிறான். கடையில் துணி விற்கிறானோ இல்லையோ, வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வைத்தியம் சொல்கிறான். விரலில் குத்தி சர்க்கரை பார்க்கிற மிஷின் ஒன்று வாங்கியிருக்கிறானாம். "அத்தான், ஒரு சொட்டுதான்" என்று என் கையைப் பிடித்தான். என் ரத்தத்தை உனக்கு எதற்குக் காட்டவேண்டும் என்று கையை இழுத்துக்கொண்டேன். டாக்டர் கொடுத்த மாத்திரையை நான் வேண்டும்போது போடுகிறேன். அவனோ மூன்று வேளையும் சப்பாத்தி தின்று ஒட்டடைக்கம்பு மாதிரி ஆகிவிட்டான். அப்படி உயிரோடு இருந்து என்ன?

ஆகஸ்ட் 9, செவ்வாய்

நேற்று நன்றாக இருந்தது. இன்று மறுபடி அதே கதை.

ஆகஸ்ட் 15, திங்கள்

கொடியேற்றம் முடிந்து வந்து மறுபடி கழற்றினேன். லீவர் நுனியில் இருக்கிற ரப்பர் உறையில் பழுப்பாகத் துரு. ரப்பரில் எப்படித் துரு பிடிக்கும்? கம்பெனிக்காரன் எந்தக் குப்பையைக் காய்ச்சி ரப்பர் செய்கிறானோ. தேய்த்துக் கழுவினால் தண்ணீர் சிவப்பாகப் போயிற்று.

அந்தத் தண்ணீரைப் பார்த்துக் கனகம் ஏதோ சொல்ல வந்தாள். நான் ஸ்பேனர் எங்கே என்று கேட்டேன்.

ஆகஸ்ட் 20, சனி

புது லீவர் வாங்கினேன். கடைக்காரன், பழையதே நன்றாகத்தானே சார் இருக்கிறது, இதைப் போய் எதற்கு மாற்றுகிறீர்கள் என்றான். விற்கிறவனுக்கே விற்க மனம் இல்லாத வியாபாரம் இந்த ஊரில்தான் நடக்கும்.

செருப்பும் வாங்கினேன். பழைய செருப்பு நடக்கும்போதே இடது காலில் கழன்று கழன்று போகிறது. போன வாரம் கோர்ட் வராந்தாவில் கழன்று கிடந்திருக்கிறது. நான் பாட்டுக்கு நடந்து ரெக்கார்டு ரூம் வரை போய்விட்டேன். ஒரு வக்கீல் குமாஸ்தா கையில் எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்து, "அமீனா சார், இது உங்களுதா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கறுப்புக் கோட்டு போட்டவனுக்குப் பின்னால் பை தூக்குகிற கூட்டம். அவர்கள் சிரிப்புக்கு என்ன மதிப்பு? பின்பக்கம் வார் வைத்த செருப்பாக வாங்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 23, செவ்வாய்

புது லீவரும் அப்படியேதான். இனி சந்தேகமே இல்லை, கோளாறு என்ஜினுக்கு உள்ளே. சூசைராஜிடம் கொண்டுபோய் விட்டேன். அவன் ஏறி, பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பி வந்து, சாவியை என் கையில் வைத்தான். "நல்லாத்தான சார் விழுது" என்றான். ஓட்டத் தெரிந்தவனுக்குத்தான் கோளாறு தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 28, ஞாயிறு

ரயில்வே மேம்பாலத்தில் கியர் மாட்டிக்கொண்டது. விழுந்துவிட்டோம். எனக்கு ஒன்றும் இல்லை. கனகத்துக்கு இடது மணிக்கட்டு எலும்பு முறிவு. மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். தூங்குகிறாள்.

ஆகஸ்ட் 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதி வைக்கிறேன். நாளைக்கு ஆளுக்கு ஒன்று பேசுவார்கள்.

தனசேகர் புதுவீட்டுப் பால் காய்ப்புக்குப் போனோம். மேம்பாலம் ஏறும்போது முன்னால் ஒரு வைக்கோல் டிராக்டர். பின்னால் பஸ்காரன் ஹாரனை அமுக்கிக்கொண்டே வந்தான். டிராக்டரை ஒதுக்கிப் போக, முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குத் தூக்கினேன். அது அரைகுறையாக ஏறி, நடுவிலேயே நியூட்ரலில் நின்றுவிட்டது. ஆக்ஸிலேட்டரைத் திருகத் திருக என்ஜின் வெறும் சத்தம் போட்டது, வண்டி போகவில்லை. ஏற்றம் ஆனதால் பின்னால் உருள ஆரம்பித்தது. நான் இடது காலை ஊன்றினேன். ரோட்டில் மணல் கிடந்திருக்கும், செருப்பு வழுக்கிவிட்டது. வண்டி இடது பக்கமாகச் சாய்ந்தது. கனகம் கையை ஊன்றி விழுந்தாள். பஸ்காரன் பிரேக் அடித்து நின்றான், அவள் தலைக்கும் சக்கரத்துக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்தான்.

பஸ்ஸிலிருந்து இறங்கிய ஒருவன் என்னைத் தூக்கிவிட்டு, ரோட்டைப் பார்த்தான். "மணல் ஒண்ணும் இல்லையே பெரியவரே. கால் மடங்கிடுச்சா?" என்றான். எனக்கு ஐம்பத்து நாலு வயது. பெரியவராம்.

கனகம் கையை மடியில் வைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவர் ஓரமாக உட்கார்ந்திருந்தாள். நான் வண்டியை நிமிர்த்திக் கியரைக் கையால் அசைத்துக்கொண்டிருந்தேன். தனசேகர் கார் எடுத்துக்கொண்டு வந்து அவளை ஏற்றிப் போனான்.

செப்டம்பர் 1, வியாழன்

இன்று சூசைராஜை விடவில்லை. கடையில் ஏழெட்டுப் பேர் வண்டி விட்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே கேட்டேன். உன்னை நம்பி விட்ட வண்டியில் என் பெண்டாட்டி கை ஒடிந்து கிடக்கிறாள், உனக்கு எவன் ஸ்பேனரைக் கையில் கொடுத்தான், நீ மண்வெட்டி பிடிக்கிற ஆள் என்றேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டு, வண்டியை எடுத்து எல்லார் எதிரிலும் கடையைச் சுற்றி நான்கு கியரும் போட்டுக் காட்டினான். அது எனக்கும் தெரியும். கோளாறு என்ன, கூப்பிட்டவுடன் கைகட்டி வந்து நிற்குமா? வரும்போதுதான் வரும்.

அந்த நேரத்தில் தனசேகர் கனகத்தைக் கட்டுப் பார்ப்பதற்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போயிருக்கிறான். கூட்டத்தில் என்னைப் பார்த்து ஆட்டோவை நிறுத்திவிட்டார்கள். சூசைராஜ் நேராக ஆட்டோவிடம் போனான். "அக்கா, நீங்கதான் பின்னாடி உக்காந்திருந்தீங்க. நீங்களே சொல்லுங்க, கியர் மாட்டுச்சா?" என்றான்.

கனகம் அவனைப் பார்க்கவில்லை. என்னையும் பார்க்கவில்லை. தரையைப் பார்ப்பதுபோல என் காலைப் பார்த்தாள். அப்புறம், "ஆமா தம்பி. கியர்தான் மாட்டுச்சு" என்றாள்.

அவ்வளவுதான். நின்றவர்களில் ஒருவன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டான். அப்புறம் இன்னொருவன். நான் நினைத்தது நடந்துவிட்டது. ஆனால் வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் மனசு ஒரு மாதிரி இருந்தது. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அதாவது, அவள் சொன்னது பொய் அல்ல. கியர் மாட்டத்தான் செய்தது.

செப்டம்பர் 2, வெள்ளி

அவள் என்னோடு பேசுகிறாள். சாப்பாடு போடுகிறாள், ஒற்றைக் கையால். கடையில் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

என்னைக் காப்பாற்ற இவள் யார்? நான் கேட்டேனா?

செப்டம்பர் 4, ஞாயிறு

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கனகம் வாசல் கதவைச் சாத்திவிட்டு வந்தாள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கு உருவிக் கையில் வைத்திருந்தாள். என் எதிரில் தரையில் உட்கார்ந்தாள்.

"கண்ணை மூடிக்கோங்க. எந்த விரலைத் தொடுறேன்னு சொல்லுங்க" என்றாள்.

சின்னப்பிள்ளை விளையாட்டா என்றேன். தம்பி சொல்லிக் கொடுத்தானா என்றேன். "கடையில நாலு பேர் முன்னாடி உங்க காலைக் காட்டிக்கொடுக்க எனக்கு மனசு வரல. அதுக்காக ஒரு பாவமும் அறியாத அந்தத் தம்பி பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேன். இப்ப நாம ரெண்டு பேர்தான். மூடுங்க" என்றாள்.

மூடினேன். முடித்துவிட்டால் நச்சரிப்பு விடும் என்றுதான்.

வலது காலில் ஆரம்பித்தாள். சுண்டுவிரல் என்றேன். நடுவிரல். கட்டைவிரல். உள்ளங்காலில் கூசியது, சொன்னேன். எல்லாம் சரி என்றாள். அப்புறம் இடது கால் என்றாள்.

கொஞ்ச நேரம் ஆயிற்று. தொட்டிருப்பாள் என்று தோன்றியது. கட்டைவிரல் என்றேன். ஒன்றும் பேசவில்லை. அடுத்தது சுண்டுவிரல் என்றேன். அதற்கும் பேசவில்லை. நடுவிரல், இப்போது குதிகால் என்று சொல்லிக்கொண்டே போனேன். சரியாகத்தான் சொல்கிறேன் என்று எனக்கு நிச்சயமாகப் பட்டது.

கண்ணைத் திறந்தேன். அவள் கை மடியில் இருந்தது. ஈர்க்கு தரையில் கிடந்தது. முகம் முழுக்கக் கண்ணீர்.

"நான் இன்னும் தொடவே இல்லைங்க" என்றாள்.

அப்புறம் அவளே என் காலைத் திருப்பிக் காட்டினாள். கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கறுத்துப்போய், வெளியே தெரிந்த புண்ணுக்கு உள்ளே இன்னொரு புண் இருந்தது. லீவரின் நுனி எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலம். எத்தனை நாளாகத் தெரியும் என்று கேட்டேன். ஆடி மாசமே வாசற்படியில் ரத்தம் பார்த்தாளாம். நாலு தடவை சொல்ல வந்தாளாம்.

எனக்குக் கோபம் வரவேண்டும். உட்கார்ந்திருந்தேன்.

செப்டம்பர் 5, திங்கள்

மதுரை. டாக்டர் ஒரு சின்னப் பையன், மீசைகூடச் சரியாக முளைக்கவில்லை. என்னைக் கட்டிலில் உட்காரவைத்து, இடது பாதத்தை மட்டும் மேலே தூக்கச் சொன்னான். தூக்கினேன். தூக்குங்க என்று மறுபடி சொன்னான். தூக்கிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றேன். அவன் கனகத்தைப் பார்த்தான். குனிந்து பார்த்தேன். பாதம் தொங்கிக்கொண்டிருந்தது.

சர்க்கரை பல வருஷமாக நரம்பை அரித்திருக்கிறது என்றான். பாதத்தைத் தூக்குகிற நரம்பு செத்துவிட்டது, உணர்ச்சியும் போய்விட்டது. இரண்டு விரலை எடுக்கவேண்டும், இன்னும் பதினைந்து நாள் கழித்து வந்திருந்தால் முழங்கால் வரை எடுக்கவேண்டியிருக்கும் என்றான். தனசேகர் வெளியே நின்றான். நான் சொன்னேன் பார்த்தீர்களா அத்தான் என்று கேட்பான் என்று காத்திருந்தேன். கேட்கவில்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

செப்டம்பர் 9, வெள்ளி

எடுத்துவிட்டார்கள்.

பக்கத்துக் கட்டில்காரன், தன் பெண்டாட்டி அந்தப் பக்கம் போனவுடன் தலையணைக்கு அடியிலிருந்து மைசூர்பாகு எடுத்துத் தின்கிறான். காலைப் பறிகொடுக்கப் போகிறான் மூடன். இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இன்று அவன் பெண்டாட்டியிடம் சொல்லிவிட்டேன். என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டினான். பரவாயில்லை.

அக்டோபர் 9, ஞாயிறு

வீட்டுக்கு வந்து இரண்டு வாரம். கனகத்துக்கு மாவுக்கட்டு பிரித்தாயிற்று. எனக்குப் பாதத்தைத் தூக்கிப் பிடிக்க ஒரு பிளாஸ்டிக் பட்டை கொடுத்திருக்கிறார்கள். அதைக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தால் எதிர்வீட்டுக்காரர் இரக்கமாகப் பார்க்கிறார். அவருடைய தொப்பைக்கு ஒரு பட்டை கட்டவேண்டும், அதை யாரும் சொல்வதில்லை.

ஆபீஸிலிருந்து உத்தரவு வந்தது. இனி எனக்கு வெளிவேலை கிடையாது. ரெக்கார்டு ரூமில் உட்கார்ந்து கேஸ் கட்டுகளை எண் போட்டு அடுக்கவேண்டும். என் கிராமங்களுக்குப் புதிதாக இசக்கிதுரை என்று ஒரு பையனைப் போட்டிருக்கிறார்கள். திருநெல்வேலிப் பக்கத்தான். ஓடைப்பட்டிக்கு வழி தெரியாமல் கரிசல்காட்டில் நின்று போன் செய்கிறான்.

நவம்பர் 6, ஞாயிறு

வண்டியை விற்றுவிடலாம் என்று நானே சொன்னேன். கனகம் அவசரமில்லை என்றாள். நிற்க நிற்கத் துருப்பிடிக்கும் என்றேன். இசக்கிதுரை கேட்டிருக்கிறான், அடுத்த ஞாயிறு வருகிறான்.

நவம்பர் 13, ஞாயிறு

இசக்கிதுரை தனியாக வரவில்லை. வண்டி பார்த்துச் சொல்ல மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெக்கானிக் யார் என்றால் சூசைராஜ். பையனுக்கு இந்த ஊரில் வேறு யாரைத் தெரியும்?

சூசைராஜ் எனக்கு வணக்கம் சொன்னான். டயர், செயின், பிரேக் எல்லாம் பார்த்தான். கியர் லீவரை மட்டும் தொடவில்லை. பையன் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். பிடித்திருக்கிறது என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. ஆனாலும் தலையைச் சொறிந்தான்.

"தப்பா நினைக்காதீங்க சார். இந்த வண்டியில கியர் மாட்டி அக்காவுக்குக் கை ஒடிஞ்சதுன்னு கோர்ட்ல எல்லாரும் சொல்றாங்க. நான் போற ஊரெல்லாம் ஏத்த இறக்கம். அதான் யோசிக்கேன்" என்றான்.

கோர்ட்டில் எல்லாருக்கும் சொன்னது நான்தான். ஒருவர் விடாமல் சொல்லியிருந்தேன். சூசைராஜைப் பார்த்தேன். அவன் கையைக் கட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றான். அவன் கடையில் இப்போது கூட்டம் குறைவு என்று தனசேகர் ஒரு தடவை சொன்னது எனக்குத் தெரியும். கனகம் நிலைப்படியில் நின்று, "இல்ல தம்பி, அது வந்து..." என்று ஆரம்பித்தாள். மறுபடி எனக்காக எதையோ சொல்லப்போகிறாள் என்று தெரிந்தது.

"நீ சும்மா இரு" என்றேன். அப்புறம் பையனிடம், "கியர்ல ஒண்ணும் இல்ல. ஒருநாளும் மாட்டினதில்ல. என் கால்தான் தூக்கல. விழுந்த அன்னைக்கும் கால்தான் மடங்குச்சு. இவன் வேலை சுத்தமான வேலை. கோர்ட்ல போய் நான் சொன்னேன்னு எல்லாருக்கும் சொல்லு" என்றேன்.

சொல்ல நினைத்ததை விட சத்தமாக வந்துவிட்டது. எதிர்வீட்டுத் தொப்பைக்காரர் எட்டிப் பார்த்தார். பையன் என் காலைப் பார்த்தான், உடனே வேறு பக்கம் பார்த்தான். சூசைராஜ் குனிந்து, லீவர் போல்ட்டில் ஸ்பேனரை வைத்து, ஏற்கெனவே இறுக்கமாக இருந்ததை இன்னும் ஒரு சுற்று இறுக்கினான். புது லீவரையும் நான் ஒரு பல் கீழே இறக்கியே மாட்டியிருந்ததைப் பார்த்துவிட்டு, கழற்றிப் பழைய உயரத்துக்கு ஏற்றி மாட்டினான். போகும்போது கனகத்திடம், "கை எப்படி இருக்கு அக்கா?" என்று கேட்டான். பரவாயில்லை தம்பி என்றாள்.

பையன் வண்டியை எடுத்தான். சூசைராஜ் பின்னால் உட்கார்ந்தான். முதல் கியரில் கிளம்பினான். தெரு நடுவிலேயே இரண்டாவது விழுந்தது. பிள்ளையார் கோயில் திருப்பத்தில் மூன்றாவது. அப்புறம் மெயின் ரோட்டுச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. கனகம் உள்ளே வரச் சொன்னாள். நான் கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன்.

ஹெல்மெட் போடாமல் போகிறான், மடையன். நாளை காலை ஆபீஸுக்கு வரட்டும், சொல்கிறேன்.